ஜன்னலோரக் கிளித்துலிப்

ஜனவரி 17

இன்றைக்கும் ஒரு தள்ளுவண்டிப் பூ திரும்பி வந்தது. வாங்குகிறவர் போனில் நல்லபடியாகத்தான் பேசினார். "நேல், பூவைக் குறை சொல்லல. ஆனா பச்சையா எடுத்திருக்கீங்க. ஜாடியில வச்சு நாலு நாளாகியும் மலரல. கிளித்துலிப்புன்னு சொல்லி முட்டைக்கோஸ் அனுப்பறாங்களான்னு கடைக்காரி கேக்கறா."

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

மற்ற துலிப்பை மூடிய மொட்டாகவே எடுத்து அனுப்பிவிடலாம். கிளியிறகு போல இதழ் கிழிந்து சுருளும் கிளித்துலிப் அப்படியில்லை. மொட்டு முதலில் முழுப் பச்சையாக, விகாரமாக இருக்கும். இதழ் ஓரத்துச் சுருள்கள் பிரிந்து உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கிற சமயத்தில் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் கோஸ். பின்னால் எடுத்தால் தலைபாரம் தாங்காமல் கழுத்து மடங்கிவிடும். இதெல்லாம் என் வீட்டுக்காரன் சீமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசுமைக்குடிலில் அவன்தான் பார்த்துப் பார்த்துக் கிழங்கோடு பிடுங்கித் தருவான். நானும் வேலைக்கு வருகிற ஹலினாவும் கிழங்கை அறுத்துவிட்டுப் பத்துப் பத்தாகக் கட்டுவோம். எத்தனையோ குளிர்காலம் இப்படித்தான் போயிற்று. இந்தக் குளிர்காலத்தில் என்ன வந்தது இவனுக்கு?

கேட்டேன். "வெளிச்சம் பத்தல," என்றான். விளக்கு அவன் தலைக்கு மேலேயே எரிகிறது. அதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். நான் சுற்றிப் போய் அவனுக்கு நேராக நின்றேன். மறுபடியும் திருப்பிக்கொண்டான். முப்பத்துநாலு வருடம் கூட இருந்ததற்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது.

முதுகு வலிக்கிறது. படுக்கிறேன்.

ஜனவரி 18

ஹலினா வெந்நீர்ப் பை கொடுத்தாள். வேறு சொல்லும்படி ஒன்றுமில்லை.

பிப்ரவரி 4

தைமன் வந்திருந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலம் அவனுடையது. முப்பது வயதுகூட ஆகவில்லை, கொட்டகை நிறையப் புது இயந்திரங்கள். நம்ம கிளியை அவன் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இது பசுமைக்குடிலில் விற்பனைக்கு வளர்க்கிற கிளியில்லை. நம்ம கிளி என்றுதான் இன்னும் சொல்கிறோம், பேர் வைக்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சாதாரணச் சிவப்புத் துலிப் வயலில் ஒரே ஒரு பூ மட்டும் ஓரமெல்லாம் கிழிந்து சுருண்டு, பச்சைக் கீற்றோடு வந்து நின்றது. சீம் அதன் பக்கத்தில் குச்சி நட்டான். ஒரு கிழங்கு இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, இப்போது வீட்டுப் பின்புறம் மூன்று பாத்தி. வேறு யாரிடமும் இது கிடையாது. வசந்தத்தில் பரிசோதகர் வந்து நோயில்லை என்று எழுதிக் கொடுத்தால் தைமன் கிழங்கையும் நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வான். நாங்கள் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்திவிடுவோம்.

நிறுத்திவிடுவோம். எழுதிப் பார்க்கவே சுகமாக இருக்கிறது. அடுத்த நவம்பரில் நான் ஈர மண்ணில் முட்டிபோடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பேர் என்ன வைக்கலாம் என்று தைமன் கேட்டான். "முதுகுவலின்னு வைங்க," என்றாள் ஹலினா. எல்லோரும் சிரித்தோம், சீமும்தான். பிறகு தைமன் தன் கொட்டகையைக் கைபேசியில் படமாகக் காட்டினான். சீம் அதை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு "நல்லாயிருக்கு" என்றான். பையனுக்கு முகம் சிறுத்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டுச் சமாளித்தேன்.

பிப்ரவரி 27

வைக்கோல் எடுத்தோம். பனிக்கும் மணல் பறக்காமலிருக்கவும் நவம்பரில் போர்த்தியது, இப்போது ஈரத்தில் ஊறி இரண்டு பங்கு கனம். அடியில் துலிப்புகள் மூக்கை நீட்டியிருக்கின்றன. பாத்திகள் வீட்டுக் கொல்லையில் தொடங்கி வாய்க்கால்வரை போகின்றன. அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. போன வருடம் இப்படியில்லை. அல்லது இருந்ததா? யோசிக்க நேரமிருந்ததில்லை.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே என்னுடையதும் வந்துவிட்டது. கொத்தாக வந்திருக்கிறது.

பூ வளர்க்கிறவர்கள் வீட்டில் பூ இருக்காது. வயலில் பூத்ததும் தலையை வெட்டித் தள்ளுவோம், சத்தெல்லாம் கிழங்குக்குப் போக வேண்டுமே. வீட்டுத் தோட்டத்திலும் யாரும் துலிப் வைப்பதில்லை. கவனிப்பில்லாத செடியில் தேமல் நோய் வந்து தங்கும், செடிப்பேன் அதை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் என்று பயம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் சீம் தோண்டிப் போட்ட நோய்ச்செடிகளில் ஒன்று பூவோடு கிடந்தது. நம்ம கிளிதான். ஆனால் சிவப்பு அங்கங்கே விலகி, வெள்ளையில் சிவப்பைத் தீற்றியது போல, ஓரத்தில் பச்சைச் சுருளோடு. தேமல் வந்ததால் வந்த அழகு அது. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் எடுத்து வந்து ஜன்னலடியில் ஊன்றினேன். பாத்திரம் கழுவும்போது பார்க்க.

சீம் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்த்தானோ இல்லையோ. எனக்கென்று ஒரு செடி இருக்கக் கூடாதா?

மார்ச் 12

காற்று. நாள் முழுக்கக் காற்று. பல்லிடுக்கில் மணல்.

மார்ச் 25

சீமை டென் ஹெல்டர் டவுனுக்குப் போய் இயந்திரத்துக்கு வார் வாங்கி வரச் சொன்னேன். "ஹலினா போகட்டும்," என்கிறான். நவம்பரிலிருந்து அவன் வண்டியைத் தொடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கேட்டால் பெட்ரோல் விலையாம். ஹலினா ஓட்டினால் மட்டும் வண்டி தண்ணீரிலா ஓடுகிறது?

ஏப்ரல் 6

நோய் பார்க்கிற வேலை ஆரம்பித்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் நீளப் பிடி போட்ட தோண்டி, முதுகில் பை. இலைமேல் வெயில் நேராக விழுந்தால் தேமல் கண்ணுக்குப் படாது. குடை நிழலில்தான் அந்த வெளிறிய கோடு தெரியும். கிளியில் பூவை வைத்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், நல்ல பூவிலேயே கீற்று இருக்கிறதே. அதனால் இலையில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் சீம் மாதிரி நோய் பார்க்கிற ஆள் கிடையாது. மற்றவர்கள் அவனைக் கூலி கொடுத்துக் கூப்பிடுவார்கள்.

பத்து மணிக்குக் காபி கொண்டுபோனேன். அவன் முடித்துவிட்டுப் போன வரிசை வழியாக நடந்தேன். ஒரு செடியின் இலையில் கோடு. குடைகூட வேண்டாம், அப்படித் தெரிந்தது. கையாலேயே தோண்டி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சற்றுத் தள்ளி இன்னொன்று.

எல்லோருக்கும் கை தவறும், கண் தவறும். சீமுக்குத் தவறி நான் பார்த்ததில்லை.

ஒன்றும் சொல்லாமல் காபியைக் கொடுத்தேன். கோப்பையை நீட்டினால் அவன் கை கோப்பைக்குப் பக்கத்தில் போய் நின்றது, பிறகுதான் பிடித்தது.

ஏப்ரல் 8

இன்று ஏப்ரன் பை நிரம்பிவிட்டது.

ஏப்ரல் 13

அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் போய்விடுகிறேன். முந்தின நாள் அவன் முடித்த வரிசைகளை நான் மறுபடி பார்க்கிறேன். பிறகு ஓடி வந்து ரொட்டியும் காபியும் எடுத்து வைத்துவிட்டு, அப்போதுதான் எழுந்தவள் மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். என் வயதுக்கு இது தேவையா?

இன்றைக்கு ஹலினா சீக்கிரம் வந்துவிட்டாள். நான் பாத்தி நடுவில் நாலு காலில் இருந்தேன்.

"நேல், என்ன தேடறீங்க?"

"மோதிரம் விழுந்துடுச்சு."

"விரல்லதான் இருக்கு."

கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரிசையில் குனிந்தாள். பதினோரு வருடமாக எங்களோடு இருக்கிறவள். போலந்தில் அவளுக்கென்று ஒரு வீடு பாதி கட்டி நிற்கிறது.

"சீம்கிட்ட சொல்லாத," என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்றது? எனக்குத்தான் உங்க பாஷை வராதே," என்றாள், என்னைவிட நல்ல டச்சில்.

ஏப்ரல் 16, ஞாயிறு

கேட்டே விட்டேன். கீரையும் உருளைக்கிழங்கும் மசித்து வைத்திருந்தேன். அவன் தட்டில் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தான்.

"சீம், கண் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வருவோமா?"

"எதுக்கு?"

"இலையில கோடு உனக்குத் தெரியலையே."

"தெரியுது."

"தெரியுதுன்னா என்னைப் பார்த்துச் சொல்லு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், ஜன்னலுக்கு முன்னால், அவன் மூக்குக்கு நேராக நின்றேன். உடனே முகம் அடுப்பு பக்கம் போய்விட்டது.

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்," என்கிறான், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தாங்கவில்லை. என்ன பண்ணிட்டேன் நான்? எதுக்கு இந்த மனுஷன் என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்கறான்? நான் என்ன கேட்டேன், நகையா கேட்டேன்? தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவன் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, தடவித் தடவி.

ஏப்ரல் 24

பரிசோதகர் வந்தார். டெக்கர் என்று பேர், உயரமான ஆள், பேச்சு கம்மி. குடையை விரித்துக்கொண்டு வாய்க்கால் முனையில் தொடங்கினார். நாங்கள் மூன்று பேரும் வரப்பில் நின்றோம். வெகுதூரம் அவர் குனியவேயில்லை. நான் மூச்சு விட்டேன். வீட்டுப் பக்கம் நெருங்க நெருங்கக் குனிய ஆரம்பித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் நிமிரவே இல்லை. நானும் ஹலினாவும் அத்தனை காலையில் பொறுக்கியும், புதிது புதிதாகக் கோடு வந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க," என்றார். "ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வரேன். அதுக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க. அப்பவும் இப்படித்தான் இருந்தா மொத்தத்தையும் அழிக்கணும்." போகும்போது சீமின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் சீமும் ஒருவன்.

வண்டி போன பிறகு சீம் தோண்டியை என் கையில் கொடுத்தான். குடையையும் கொடுத்தான்.

"அக்டோபர்லயே அல்க்மார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்," என்றான். "டிராக்டர் சாமான் வாங்கன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கி. ரெண்டு கண்ணுலயும் நடுவுல சாம்பலா ஒண்ணு. மருந்து கிடையாதாம். இந்த வசந்தம் மட்டும் தாங்கினா போதும், கிளியை ஒப்படைச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அக்டோபர். இப்போது ஏப்ரல். கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் தெம்பில்லாமல் அப்படியே நின்றேன்.

"என் கண்ணால எல்லாம் போச்சு, நேல்," என்றான். என்னிடம் சொல்லவில்லை, வாய்க்காலைப் பார்த்துச் சொன்னான். இப்போதுகூட.

ஏப்ரல் 25

நானும் ஹலினாவும் நாள் முழுக்க. வாய்க்கால் பக்கத்திலிருந்து வந்தோம். நடுப்பகலில் ஹலினா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கவா? சீம் எல்லா வரிசையும்தானே பார்த்தாரு?"

"ஆமா."

"கண்ணு தெரியாம விட்டதுன்னா எல்லா இடத்துலயும்ல இருக்கணும்? அந்த முனையில ஒண்ணுமே இல்ல. மூணாவது பாத்தியிலயும் இல்ல. இந்த முதல் பாத்தியில, இந்த வீட்டு முனையில மட்டும் இப்படிக் கொட்டிக் கிடக்கு."

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சமையலறை ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே என் கொத்து, இரண்டு மூன்று மொட்டு விரியத் தொடங்கியிருந்தது. வெள்ளையும் சிவப்பும் இங்கிருந்தே தெரிந்தது.

ஹலினா தோண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் மே மாதம் செடிப்பேன் அதிகம், எனக்கு ஞாபகம் இருக்கிறது. மருந்தடிக்கிறபோது தோட்டத்துப் பக்கம் யாரும் அடிப்பதில்லை. அங்கே என்ன இருக்கிறது அடிப்பதற்கு? போன வருடம் ஏறின நோய் இந்த வருடம் இலையில் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இங்கே தெரிந்த கணக்கு. அவன் பார்க்காமல் விட்டது உண்மைதான். ஆனால் விடுவதற்கு அங்கே நோய் வந்ததே என்னால்.

ஏப்ரல் 26

சொல்லவில்லை.

மாலையில் சீம் தைமனுக்குப் போன் பண்ணினான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். "தப்பு என்னுது, தம்பி. எனக்குக் கண்ணு போச்சு, அதை மறைச்சு வேலை பார்த்தேன். நேலுக்கும் தெரியாது. அவ மேல வருத்தப்படாத." அந்தப் பக்கம் பையன் என்னவோ சொன்னான். "இல்ல இல்ல, வேற காரணம் ஒண்ணுமில்ல. என் கண்ணுதான்."

நான் சீவிக்கொண்டே இருந்தேன். மூன்று பேருக்கு ஏழு பேருக்கான கிழங்கு சீவியாகிவிட்டது.

ஏப்ரல் 27

எங்கள் நாட்டு ராஜாவின் பிறந்தநாள், எங்கும் ஆரஞ்சு நிறம். ஆரஞ்சுக் கேக் வாங்கி வைத்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

கொத்து முழுக்க மலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். ஓரம் கிழிந்து, சுருண்டு, வெள்ளையில் சிவப்பு தாறுமாறாக ஓடி, அடியில் பச்சை. பாத்திரம் கழுவவே முடியவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"ஏன் திரையை மூடற?" என்றான் சீம், மேஜையிலிருந்து.

"கண் தெரியாதவனுக்குத் திரை மூடினது மட்டும் தெரியுதா?" வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் என்னை உடைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் குவியலிலிருந்து எடுத்தேன், எதற்காக எடுத்தேன், ஹலினா என்ன சொன்னாள், தைமனோடு அவன் பேசியபோது நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதுவரை. "உன் கண்ணால இல்ல, சீம். நான் கொண்டுவந்து வச்சது. நோய்னு தெரிஞ்சே வச்சேன்."

அவன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"எனக்கும் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அது நோய்ச்செடின்னு. வச்ச வருஷமே பார்த்துட்டேன், அப்ப கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பிடுங்கித்தான் போட்டிருக்கணும்."

"ஏன் போடல?"

"இந்த வீட்டுக்கு வந்து நீ உனக்குன்னு நட்டது அது ஒண்ணுதான். ஆயிரமாயிரமா நட்டிருக்க, எல்லாம் ஊருக்கு. அதைப் போய் நான் எப்படிப் பிடுங்கறது? ஒரு வருஷம் இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் இன்னொரு வருஷம்." கொஞ்சம் சிரித்தான். "ஊர் ஊராப் போய் அடுத்தவன் வயல்ல நோய் பார்க்கறவன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறோம். அதைக் கேட்டு எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. களைப்புதான் வந்தது.

தோண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். சீம் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"இரு. ஒரு தடவை பார்த்துக்கறேன்," என்றான்.

கொத்துக்கு முன்னால் நின்றான். நின்று, முகத்தைத் திருப்பி, சைக்கிள் கொட்டகையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன சிவப்பு," என்றான்.

"சீம், நீ கொட்டகையைப் பார்த்துட்டிருக்க. பூ இந்தப் பக்கம்."

"தெரியும். கொட்டகையைப் பார்த்தாத்தான் பூ தெரியும். பூவை நேராப் பார்த்தா அந்த இடத்துல ஒண்ணும் இருக்காது, சாம்பல்தான். ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. இப்படித் திரும்பினா அதுல வந்து விழும்."

தோண்டியைக் கீழே வைத்தேன். பசுமைக்குடில் தண்ணீர்த் தொட்டி. தைமனின் கைபேசி. அடுப்பு. வாய்க்கால்.

"அப்ப நான் பேசறப்பல்லாம் நீ அங்க இங்க திரும்பினது—"

"உன்னைப் பார்க்கத்தான். நீதான் ஒவ்வொரு தடவையும் சுத்தி வந்து என் மூக்குக்கு நேரா நின்னுக்குவ. நின்ன உடனே காணாமப் போயிடுவ."

குளிர்காலம் முழுக்க என் முகத்தைப் பார்க்க இவன் திரும்பியிருக்கிறான், நான் துரத்தித் துரத்திப் போய் மறைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயே, நோய்ச்செடிக்குப் பக்கத்தில், ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு தோண்டினேன். கிழங்கு ஒன்றுவிடாமல். சீம் பையைப் பிடித்துக்கொண்டான்.

மே 1

தைமனுக்கு நானே போன் பண்ணினேன். முழுவதையும் சொன்னேன். "எங்க அம்மாவும் ஒண்ணு வச்சிருக்காங்க, பால்கனியில," என்றான். "நாளைக்கே போய்ப் பார்க்கறேன்."

மே 3

முதல் பாத்தியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்றது சீம்தான். "வீட்டு முனையை மட்டும் எடுத்தா போதும்," என்றேன் நான். "நீ டெக்கர் இடத்துல இருந்தா ஒத்துப்பியா?" என்று கேட்டான். ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுத்தோம். பதினெட்டு வருடப் பெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் பையில் போயிற்று. சீம் பைகளின் வாயைக் கட்டினான், அதற்குக் கண் வேண்டாம் என்றான்.

மே 8

டெக்கர் வந்தார். இரண்டு பாத்தி. குடையை விரித்துக்கொண்டு போனார், மடக்கிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆனால் தைமன் இன்னொரு வசந்தம் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். நோய் உள்ளே ஒளிந்திருந்தால் அடுத்த வருடம்தான் தெரியும். அவன் சொல்வதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். நடுவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றான். ஆள் வந்தாலும் கூட நிற்க வேண்டியது நான்தானே. நவம்பரில் மறுபடியும் ஈர மண்.

சரி. படுக்கிறேன்.

மே 16

தலை வெட்டுகிற நாள். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பாத்தியும் முழுசாக மலர்ந்து நின்றன. காற்று இல்லை. இத்தனை வருடத்தில் மே மாதம் காற்றில்லாத நாள் எனக்கு ஞாபகமில்லை. ஹலினா இயந்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "சீம், ஜூலையில எங்ககூடக் கிழங்கு உரிக்க உக்காருங்க. கண்ணு வேண்டாம், விரல் போதும். வம்பு பேசத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்," என்றாள். "அதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டான் அவன். உரிக்கிற மேஜையை எத்தனை கிண்டல் பண்ணியிருப்பான்.

இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன்னால் வரப்பில் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வாய்க்கால் முனையில் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது, தைமனிடம் குழாய் கேட்க வேண்டும், இந்த மாதிரி ஏதோ. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், வீட்டுப் பக்கம், ஜன்னலடியில் இப்போது வெறும் மண்ணாக இருக்கிற இடத்தைப் பார்த்து.

நான் நகரவில்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டு, அவன் பார்த்து முடிக்கிறவரை அப்படியே நின்றேன்.